நாலு பேரும் சரியாகச் சொல்லும்போது நீங்கள் என்ன சொல்வது: தீசிஸ் வாக்கியம் எழுதும் வழி

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குச் சனிக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். காசிமேடு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் என்று பக்கத்திலிருந்து வருபவர்கள்தான், அநேகமாக எல்லோருமே வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்கள். அசைன்மென்ட், செமினார் பேப்பர், போட்டித் தேர்வுக் கட்டுரை என்று எது கையில் இருக்கிறதோ அதைக் கொண்டுவருவார்கள், சேர்ந்து உட்கார்ந்து திருத்துவோம். போன மாதம் ஒரு தங்கச்சி, இரண்டாம் ஆண்டு படிக்கிறவள், நாலு பிரின்ட் அவுட்டைத் தரையில் பரப்பி, கடல் காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு பொருளை வைத்திருந்தாள்: தண்ணீர் பாட்டில், செல்போன், டிபன் பாக்ஸ், அரைச் செங்கல். தாள் முழுக்க மஞ்சள். ஹைலைட்டர் படாத வரியைத் தேடத்தான் வேண்டியிருந்தது. வடசென்னையின் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வரலாமா கூடாதா, கொடுத்திருக்கும் மூலங்களை வைத்து வாதக் கட்டுரை எழுது என்பது அவளுக்கு வந்த வேலை.

"நாலு பேரும் கரெக்டாத்தான் சொல்றாங்கக்கா. இதுல நான் இன்னா சொல்றது?" என்றாள்.

இந்தக் கேள்விக்கு அவள் ஒரே வாக்கியத்தில், மிஞ்சிப்போனால் இரண்டில், எழுதப்போகும் பதிலுக்குப் பெயர்தான் தீசிஸ் ஸ்டேட்மென்ட். தமிழ்த் துறையில் மையக் கருத்து என்பார்கள், சிலர் மைய வாதம் என்பார்கள். எந்தப் பெயரில் கேட்டாலும் கேட்பது ஒன்றுதான்: இவ்வளவையும் படித்துவிட்டு நீ என்ன முடிவுக்கு வந்தாய், ஏன்?

இதை நான் இவ்வளவு அக்கறையாக எழுத ஒரு காரணம் உண்டு. கல்லூரியில் முதலாம் ஆண்டு நான் எழுதிய முதல் பெரிய கட்டுரையில் ஆறு புத்தகங்களிலிருந்து எடுத்து, புத்தகத்துக்கு ஒரு பத்தி என்று அடுக்கிக் கொடுத்தேன். திரும்பி வந்த தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் "இதில் நீ எங்கே?" என்று மட்டும் எழுதியிருந்தது. அதற்கு என்ன அர்த்தம், அதை எப்படிச் சரிசெய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. புரிய எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. வீட்டில் ஏற்கெனவே கல்லூரிக்குப் போனவர்கள் இருந்தால் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே பிடிபட்டிருக்கும் விஷயம் இது. அப்படி யாரும் இல்லாத பிள்ளைகளுக்காகத்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

பட்டிமன்றம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு அணியும் பேசி முடித்த பிறகு நடுவர் கடைசியில் தீர்ப்புச் சொல்வார். மூலங்களை வைத்து எழுதும் வாதக் கட்டுரையில் நடுவர் நீங்கள், ஆனால் தீர்ப்பை முதல் பத்தியின் முடிவிலேயே சொல்லிவிட வேண்டும், மிச்சக் கட்டுரை முழுவதும் அந்தத் தீர்ப்புக்கு எப்படி வந்தீர்கள் என்று காட்டும் வேலை. அப்புறம் இன்னொரு வித்தியாசம். பட்டிமன்ற நடுவர் "இரண்டுமே வாழ்க்கைக்கு முக்கியம்தான்" என்று முடித்தால் கைதட்டிவிட்டு எழுந்து போவோம். கட்டுரையில் அப்படி எழுதினால் தீசிஸ் இல்லை என்றுதான் கணக்கு. அமெரிக்காவில் பள்ளி முடிக்கும் பிள்ளைகள் எழுதும் ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) ஆங்கிலத் தேர்வில் இதே மாதிரி ஒரு கேள்வி உண்டு, ஆறு மூலங்களைக் கொடுத்து, குறைந்தது மூன்றையாவது பயன்படுத்தி வாதம் எழுதச் சொல்வார்கள். அந்தக் கட்டுரைக்கு மொத்தம் 6 மதிப்பெண், அதில் 1 தீசிஸுக்கு மட்டும், தலைப்பைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போனால் அந்த 1 கிடைக்காது. நம் ஊர் ஆசிரியர்கள் மதிப்பெண்ணை அப்படிப் பிரித்துச் சொல்லாமல் இருக்கலாம், திருத்தும்போது முதலில் தேடுவது இதைத்தான்.

சரி, எங்கே தொடங்குவது?

ஹைலைட்டரை மூடி வையுங்கள்

தீசிஸ் வராததற்குப் பெரும்பாலும் எழுத்து காரணம் இல்லை, படித்த விதம்தான் காரணம். மஞ்சள் பூசிக்கொண்டே படித்தால் ஒவ்வொரு கட்டுரையோடும் தலையாட்டிக்கொண்டே போவோம். முதல் கட்டுரை படிக்கும்போது அது சரி, இரண்டாவது படிக்கும்போது அது சரி. கடைசியில் அந்தத் தங்கச்சி மாதிரி நாலும் சரி என்று நிற்போம்.

அதற்குப் பதிலாக ஒரு வெள்ளைத் தாள் எடுத்து, ஒவ்வொரு மூலத்துக்கும் இரண்டே வரி உங்கள் சொந்தச் சொல்லில் எழுதுங்கள். முதல் வரி: இவர் என்ன சொல்கிறார். இரண்டாவது வரி: எந்த இடத்தில் நின்று சொல்கிறார், அதாவது யார், எப்போது, யாருக்காக. காசிமேட்டில் மீன் வாங்கும் அம்மாக்கள் விலை கேட்பதற்கு முன்னால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள் அல்லவா, சிவப்பாக இருக்கிறதா என்று? அந்த இரண்டாவது வரி அதுதான். எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் செவுளைப் பார்க்காமல் கூடையில் போடாதீர்கள்.

அவள் தாளில் வந்தது இது. முதலாவது, மாநகராட்சியின் தரப்பை விளக்கும் செய்திக் கட்டுரை: கிடங்கில் இடம் இல்லை, எரித்தால் குப்பையின் அளவு பெருமளவு குறையும், மின்சாரமும் வரும். இரண்டாவது, அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களின் தரப்பு: மணலியில் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையங்கள் என்று ஏற்கெனவே சுமக்கிறோம், இன்னொரு புகைபோக்கியை எங்கள் தலையில் கட்டாதீர்கள். மூன்றாவது, 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலிருந்து ஒரு பகுதி: குப்பையை உண்டாகும் இடத்திலேயே தரம் பிரிக்க வேண்டும், மறுசுழற்சி செய்ய முடியாத, கிலோவுக்கு 1500 கிலோ கலோரி அல்லது அதற்கு மேல் எரிதிறன் (எரித்தால் வெளிவரும் வெப்பம்) உள்ள குப்பையைக் கிடங்கில் கொட்டாமல் ஆற்றல் எடுக்கப் பயன்படுத்த வேண்டும். நாலாவது, டெல்லி ஓக்லாவில் 2012 முதல் ஓடும் எரிஉலை பற்றியது, அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் நீதிமன்றம் வரை போன கதை.

எழுதி முடித்ததும் அவளிடம் கேட்டேன்: இதில் யார் யாரோடு சண்டை போடுகிறார்கள்?

"ஒண்ணும் ரெண்டும்" என்றாள் உடனே. திரும்பப் படித்துப் பார் என்றேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று இடத்தைப் பற்றிப் பேசுகிறது, இரண்டு காற்றைப் பற்றிப் பேசுகிறது. இடம் இல்லை என்பதை இரண்டாவது மறுக்கவில்லை, மூச்சு முட்டுகிறது என்பதை முதலாவது மறுக்கவில்லை. இவர்கள் சண்டையே போடவில்லை, ஆளுக்கொரு திசையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் இரண்டுமே சரி என்று தோன்றியது.

அவர்கள் சந்திக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. அவளுக்கு அது மூன்றாவது தாளில் கிடைத்தது. "அக்கா, இவங்க எந்தக் குப்பையை எரிக்கணும்னு சொல்றாங்க, எல்லாக் குப்பையையும் இல்லையே?" ஆமாம். நம் ஊர்க் குப்பையில் ஏறக்குறைய பாதி காய்கறித் தோல், சோறு, இலை மாதிரி ஈரக் குப்பை. ஈரத்தைக் கொண்டுபோய் உலையில் போட்டால் வெப்பத்தின் ஒரு பகுதி அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். ஆக, தரம் பிரித்தால்தான் முதல் தரப்பு சொல்லும் நன்மை கிடைக்கும், தரம் பிரிக்காவிட்டால் இரண்டாவது தரப்பு பயப்படும் கெடுதல் கூடும். இரண்டு தரப்பும் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன: என்ன குப்பை உள்ளே போகப்போகிறது? நாலு கட்டுரையில் எதுவும் நேராகக் கேட்காத கேள்வி அது. அப்படி ஒரு கேள்வி கிடைத்துவிட்டால் தீசிஸ் பாதி வந்த மாதிரி.

மூன்று தடவை எழுதினாள்

முதல் தடவை: "கொடுங்கையூர் எரிஉலைத் திட்டத்தில் நன்மைகளும் தீமைகளும் உள்ளன." இதை உலகத்தில் எந்தத் திட்டத்துக்கும் எழுதலாம். கொடுங்கையூரை எடுத்துவிட்டுக் கோயம்பேடு என்று போட்டாலும் வாக்கியம் அப்படியே நிற்கிறது. ஊர்ப் பெயரை மாற்றினாலும் நிற்கிற வாக்கியம் உங்கள் மூலங்களிலிருந்து வரவில்லை என்று அர்த்தம்.

இரண்டாம் தடவை: "கொடுங்கையூரில் எரிஉலை வரவே கூடாது, ஏனென்றால் அது மக்களுக்குக் கெடுதல்." இதில் அவள் இருக்கிறாள். அவளுடைய பெரியம்மா வீடு அந்தப் பக்கம்தான், மழை பெய்த மறுநாள் ஜன்னலைத் திறக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கோபத்தை விட்டுவிடாதே என்று சொன்னேன், ஏனென்றால் கோபம் இல்லாமல் எழுதிய தீசிஸ் எதையும் நான் நம்புவதில்லை. ஆனால் இந்த வாக்கியம் இரண்டாவது மூலத்தை மட்டும் கேட்டுவிட்டு மற்ற மூன்றையும் வெளியே நிறுத்திவிட்டது. அப்படியானால் குப்பை எங்கே போகும் என்று முதல் கட்டுரை கேட்டால் இதில் பதில் இல்லை. 2022 ஏப்ரலில் தென்சென்னைப் பக்கம் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்ததே, கிடங்கை அப்படியே விட்டாலும் புகைதானே என்று ஒருவர் கேட்டால் அதற்கும் பதில் இல்லை.

மூன்றாம் தடவை, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கழித்து: "கிடங்கில் இடம் இல்லை என்ற மாநகராட்சியின் கவலை உண்மையானது என்றாலும், வீட்டு வாசலிலேயே குப்பை தரம் பிரிக்கப்படாத வரை கொடுங்கையூரில் எரிஉலை கட்டுவது அந்தக் கவலையைத் தீர்க்காது. ஈரம் கலந்த குப்பை சரியாக எரியாது, அதன் புகையை ஏற்கெனவே மணலி, எண்ணூர் ஆலைகளின் புகையைச் சுமக்கும் அதே மக்கள்தான் சுமக்க வேண்டியிருக்கும்."

எதிர்த் தரப்பின் நல்ல வாதம் உள்ளேயே இருக்கிறது, மதிப்போடு இருக்கிறது. நிபந்தனை இருக்கிறது. காரணம் இருக்கிறது. யார் பாதிக்கப்படுவார்கள் என்பதும் இருக்கிறது. இதைப் படித்ததுமே அடுத்து என்ன பத்திகள் வரும் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். இதே நாலு மூலங்களை வைத்து இன்னொருவர், "தரம் பிரித்த, மறுசுழற்சிக்கு உதவாத குப்பை மட்டுமே உள்ளே போகும் என்பதைக் கட்டாய நிபந்தனையாக்கினால், கிடங்கைத் திறந்தவெளியில் புகையவிடுவதைவிடக் கண்காணிக்கப்படும் எரிஉலை கொடுங்கையூருக்குக் குறைந்த கெடுதல்" என்று எழுதலாம். நான் அதோடு உடன்பட மாட்டேன். ஆனால் அதுவும் வலுவான தீசிஸ்தான், அதற்கும் முழு மதிப்பெண் தர வேண்டும். எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதில் வலு இல்லை, எல்லா மூலங்களையும் கேட்டுவிட்டு நிற்கிறீர்களா என்பதில் இருக்கிறது.

நன்னூலில் இது இருக்கிறது

இதெல்லாம் இங்கிலீஷ்காரன் கண்டுபிடித்த முறை என்று நினைத்துத் தயங்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில், நூல் எழுதுகிறவன் மற்றவர்கள் சொன்னதை எப்படியெல்லாம் எதிர்கொள்ளலாம் என்று ஏழு வழி சொல்லியிருக்கிறார், "எழுவகை மதம்" என்று பெயர். மதம் என்றால் இங்கே கொள்கை. பிறர் சொன்னதற்கு உடன்படுவது, மறுப்பது, பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவது, தானே ஒன்றை நாட்டி அதை நிறுவுவது, இருவர் மாறுபடும் இடத்தில் ஒருபக்கம் துணிவது, பிறர் நூலில் உள்ள குற்றத்தைக் காட்டுவது, எதோடும் சேராமல் தன் கொள்கையைக் கொள்வது. பள்ளியில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன ஒரு சூத்திரம், அதை அப்படியே பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டுரை எழுதலாம்.

மாணவர்கள் அதிகம் போவது முதல் இரண்டுக்கு, உடன்படல் அல்லது மறுத்தல். என் அனுபவத்தில் மூலங்களை வைத்து எழுதும்போது கைகொடுப்பது மூன்றாவதும் ஐந்தாவதும். "பிறர்தம் மதமேற் கொண்டு களைவே" என்பதைத்தான் அந்தத் தங்கச்சி செய்தாள்: மாநகராட்சியின் கவலையை ஏற்றுக்கொண்டு, அவர்கள் சொன்ன தீர்வைக் களைந்தாள். "இருவர் மாறுகோள் ஒருதலை துணிவே" என்பது மூலங்கள் நேருக்கு நேர் மோதும்போது உதவும். உங்கள் மூலங்களை எழுதி வைத்த தாளின் மேல் இந்த ஏழில் எது உங்கள் வழி என்று ஒரு சொல் எழுதிவிட்டு அப்புறம் தீசிஸுக்குப் போங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே போய்விடும். கடைசி வழியை மட்டும், அதாவது எதோடும் சேராமல் தன் கொள்கையைக் கொள்வதை, இந்த வகைக் கட்டுரைக்கு விட்டுவிடுங்கள். கொடுத்த மூலங்களோடு பேசச் சொல்லித்தானே கேட்டிருக்கிறார்கள்.

"அதெப்படி?"

எழுதிய வாக்கியம் தீசிஸா வெறும் தகவலா என்று தெரியவில்லையா? எதிர் வீட்டு அக்காவிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். "ராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்டது" என்றால் "அப்படியா" என்பார், அவ்வளவுதான், அது தகவல். "தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ராயபுரத்தை அருங்காட்சியகமாக ஆக்குவதைவிட, அதை மீண்டும் பெரிய முனையமாக ஆக்குவதுதான் அதற்குச் செய்யும் மரியாதை" என்று சொல்லிப் பாருங்கள். "அதெப்படி? அந்தப் பழைய கட்டடம் தாங்குமா? கூட்டம் வந்தால் ரோடு தாங்குமா?" என்று வாசலை விட்டு இறங்கி வருவார். "அதெப்படி" வந்தால் தீசிஸ். அவர் கேட்கும் அடுத்த இரண்டு கேள்விகள்தான் உங்கள் நடுப் பத்திகள், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கிலீஷில் எழுத வேண்டிய கட்டுரையாக இருந்தாலும் இந்தச் சோதனையைத் தமிழில் செய்யுங்கள். வாயால் நாலு வரி தமிழில் சொல்ல முடியாத ஒன்றை இங்கிலீஷில் எழுதினால், பெரிய பெரிய சொற்கள் வந்து உட்கார்ந்துகொண்டு உள்ளே ஒன்றும் இல்லாததை மறைத்துவிடும்.

தமிழிலேயே எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு, இதை யாரும் சொல்லித்தருவதில்லை. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். "என்றாலும்", "ஆகையால்", "இருப்பதனால்" என்று அடுக்கிக்கொண்டே போனால் தீர்ப்பு வருவதற்குள் முப்பது சொல் ஓடிவிடும், படிப்பவர் எழுவாயையே மறந்துவிடுவார். இங்கிலீஷ் புத்தகத்தில் ஒரே வாக்கியத்தில் எழுது என்று சொல்லியிருப்பதை வைத்துத் தமிழிலும் ஒரே வாக்கியமாக இழுக்க வேண்டியதில்லை. தீர்ப்பை ஒரு வாக்கியமாக முடித்துவிடுங்கள், காரணத்தை அடுத்த வாக்கியத்தில் சொல்லுங்கள். மேலே அந்தத் தங்கச்சி எழுதியதும் இரண்டு வாக்கியம்தான்.

சில சொற்களைப் பார்த்ததும் அடித்துவிடுங்கள்: "பல்வேறு", "பெரும் தாக்கத்தை ஏற்படுத்துகிறது", "இன்றைய நவீன உலகில்", "சமூகத்திற்கு முக்கியமானது". "பல்வேறு பிரச்சினைகள்" என்று எழுதினால் எந்தப் பிரச்சினை என்று உங்களுக்கே இன்னும் முடிவாகவில்லை. அதே மாதிரி "எல்லோரும்", "எப்போதும்", "முழுக்க". "வடசென்னை மக்கள் எல்லோரும் இந்த ஆலையை எதிர்க்கிறார்கள்" என்று எழுதினால், எதிர்க்காத ஒரே ஒருவரைக் காட்டி உங்கள் கட்டுரையை மூடிவிடலாம்.

ஆரோக்கியம், சுற்றுச்சூழல், பொருளாதாரம் என்று மூன்று காரணத்தைக் கமா போட்டு அடுக்கச் சொல்லியும் சில இடங்களில் பழக்குகிறார்கள். தேர்வு பயத்துக்கு அது ஒரு ஊன்றுகோல், அவ்வளவுதான். அந்த மூன்றும் எந்தத் தலைப்புக்கும் பொருந்தும், ஒன்றுக்கொன்று சம்பந்தமும் இருக்காது. காரணங்கள் ஒன்று இன்னொன்றுக்கு இட்டுச்செல்ல வேண்டும்: பிரிக்கவில்லை, அதனால் ஈரம், அதனால் சரியாக எரியாது, அதனால் புகை, அந்தப் புகை இன்னாருக்கு.

ஒவ்வொரு மூலமும் எவ்வளவு தாங்கும்

இது கொஞ்சம் நுட்பமான விஷயம், பொறுமையாகப் படியுங்கள். மூலங்கள் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. விதி என்ன நடக்க வேண்டும் என்று சொல்லும், என்ன நடக்கிறது என்று சொல்லாது. 2016 விதிகளில் தரம் பிரிக்க வேண்டும் என்று இருப்பதை வைத்துக்கொண்டு "சென்னையில் குப்பை தரம் பிரிக்கப்படுகிறது" என்று எழுதினால் தீசிஸ் அங்கேயே உடைந்துவிடும். செய்திக் கட்டுரை ஒருவர் என்ன சொன்னார் என்பதற்குச் சாட்சி, அவர் சொன்னது உண்மை என்பதற்குச் சாட்சி ஆகாது. குடியிருப்பவரின் வாக்குமூலம் அவர் என்ன அனுபவித்தார் என்பதை வேறு எதையும்விட நன்றாகச் சொல்லும், ஆனால் காற்றில் எவ்வளவு துகள் இருக்கிறது என்று அதை வைத்து எழுத முடியாது, அதற்கு அளந்த ஆய்வு வேண்டும். ஓக்லா ஆலை வேறு ஊர், வேறு குப்பை, அதை வைத்து "கொடுங்கையூரிலும் நடக்கும்" என்று எழுதக் கூடாது, "நடக்கக்கூடும்" என்று எழுதலாம். அந்த ஒரு சொல்லை மாற்றினால் வாதம் பலவீனமாகிவிடும் என்று பயப்படுகிறார்கள். திருத்துகிறவர் அதைப் பார்த்துத்தான், இந்தப் பெண் மூலத்தை நிஜமாகவே படித்திருக்கிறாள் என்று நம்புவார்.

வரலாற்றுப் பாடத்தில் இது இன்னும் முக்கியம். நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது, பெரம்பூர் பக்கிங்காம் கர்னாடிக் மில், எங்கள் தாத்தா காலத்தில் பின்னி மில் என்றே சொல்வார்கள். 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்த மில் தொழிலாளர்களைக் கொண்டுதான் தொடங்கியது, பி. பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னால் நின்றார்கள். 1921இல் நடந்த பெரிய வேலைநிறுத்தம் சில மாதங்களில் தோற்றது, நடுவில் துப்பாக்கிச் சூடும் புளியந்தோப்புக் கலவரமும் நடந்தன. ஏன் தோற்றது என்று கேட்டால், அரசுத் தரப்பு ஆவணம் ஒன்று சொல்லும், சங்கத் தலைவர்கள் எழுதியது வேறு சொல்லும், வேலைநிறுத்தத்தில் சேராத ஆதிதிராவிடத் தொழிலாளர்களின் தரப்பைக் கேட்டால் மூன்றாவது கதை வரும். இங்கே "ஒற்றுமை இல்லாததால் தோற்றது" என்று எழுதுவது சோம்பேறித்தனம். யாருக்கும் யாருக்கும் இடையில், எதனால், யார் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள், எந்த மூலம் எதைச் சொல்லாமல் விடுகிறது என்று போகப் போகத்தான் தீசிஸ் பிடிபடும். ஒரு மூலம் மௌனமாக இருக்கும் இடத்தை மூன்றாவது மூலம் பேசுகிறது என்றால், உங்கள் தீசிஸை அந்த இடத்தில் வையுங்கள்.

மூலங்கள் போதவில்லை என்றால் கூகுளில் முதல் பக்கத்தோடு நிற்காதீர்கள். எழும்பூர் கன்னிமாரா நூலகம் நமக்குப் பக்கம், 1896இல் திறந்தது, உட்கார்ந்து படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் போனிலேயே கிடைக்கின்றன.

தேர்வறையில் நேரம் இல்லாதபோது இவ்வளவும் முடியாதுதான். ஏபி தேர்விலேயே மூலங்களைப் படிக்க 15 நிமிடம், எழுத ஏறக்குறைய 40 நிமிடம் என்றுதான் கணக்கு. அப்போது மூலத்துக்கு ஒரு வரி, யார் யாரோடு மோதுகிறார்கள் என்று ஒரு அம்புக்குறி, தீசிஸ், அவ்வளவு போதும், எழுதத் தொடங்குங்கள். வீட்டில் எழுதும்போது அவசரமே வேண்டாம். கட்டுரையை முடித்த பிறகு தீசிஸுக்குத் திரும்பி வந்து பாருங்கள், அநேகமாக அது பழசாகியிருக்கும், எழுத எழுத நீங்கள் அதைத் தாண்டிப் போயிருப்பீர்கள். அப்படியானால் கட்டுரையைத் தீசிஸுக்கு ஏற்றபடி வெட்டாதீர்கள், தீசிஸை மாற்றுங்கள். அப்புறம் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் தனியாக வரிசையாக எழுதுங்கள். தீசிஸிலிருந்து எந்தக் கோடும் போட முடியாத பத்தி இருந்தால், எவ்வளவு கஷ்டப்பட்டு எழுதியிருந்தாலும் எடுத்துவிடுங்கள். வலிக்கும், தெரியும்.

கடைசியாக நாங்கள் செய்யும் ஒரு வேலை. தீசிஸைப் பெரிய எழுத்தில் இடைவெளி விட்டு எழுதி, ஒவ்வொரு முக்கியமான சொல்லுக்குக் கீழும் அது எந்த மூலத்திலிருந்து வந்தது என்று எண் போடுவோம். அந்தத் தங்கச்சியும் போட்டாள். "கிடங்கில் இடம் இல்லை" என்பதற்குக் கீழே 1. "தரம் பிரிக்கப்படாத வரை" என்பதற்குக் கீழே 3. "அதே மக்கள்" என்பதற்குக் கீழே 2. "சுமக்க வேண்டியிருக்கும்" என்பதற்குக் கீழே 2, 4. "சரியாக எரியாது" என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. எந்தத் தாளிலும் அது நேராக இல்லை, அவள் யோசித்துச் சேர்த்தது. மூலத்தில் இல்லாத சொல்லுக்கு இரண்டே வழி, ஆதாரம் தேடு, இல்லையென்றால் உன் காரணத்தை ஒரு பத்தியில் விளக்கு என்றேன். அந்தச் சொல்லுக்குக் கீழே சின்னதாக "நான்" என்று எழுதிவிட்டு, ஓரத்தில் "1500 கிலோ கலோரி, ஈரக் குப்பை, பத்தி 3" என்று குறித்துக்கொண்டாள். டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, மூன்றாவது தாளை மட்டும் கையில் பிடித்து மறுபடி படித்தபடியே படி இறங்கினாள்.